மாலபே இலகு ரயில்: காணி விலை ஏறுவதையும் நன்மைக் கணக்கில் கூட்டலாமா?

பத்தரமுல்லைக்காரன்:
கொழும்பின் புறநகரான மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு வரவிருந்த இலகு ரயிலை 2020 செப்டெம்பரில் இலங்கை அரசு கைவிட்டது. 0.1% வட்டியில், 40 ஆண்டுத் தவணையில் ஜப்பான் தந்த கடன் அது. செலவுக்கேற்ற பலன் இல்லை என்றார்கள். டிக்கெட் காசை மட்டும் எண்ணினால் எந்த நகர ரயில்தான் தேறும்? நிலையங்களைச் சுற்றிக் காணி விலை ஏறுவதையும் புதிய அலுவலகங்கள் வருவதையும் கூட்ட வேண்டாமா?

கணக்கப்பிள்ளை:
கூட்டக்கூடாது, தம்பி. காணி விலை ஏறுவதே அங்கிருந்து போய்வர நேரம் மிச்சமாவதால்தான். அந்த நேரத்தை முன்பே ரூபாயாக்கிக் கணக்கில் எழுதிவிட்டோம். காணி விலையையும் சேர்த்தால் ஒரே சம்பளத்துக்கு இரண்டு தடவை கையெழுத்து வைப்பதுபோல. பம்பலப்பிட்டி அலுவலகம் ஒன்று ராஜகிரியவுக்கு மாறினால் நாட்டுக்குக் கூடியது என்ன? பம்பலப்பிட்டியில் ஒரு மாடி காலியாகும்.

பத்தரமுல்லைக்காரன்:
காணி ஒருபுறம் கிடக்கட்டும். நிறுவனங்களும் ஆட்களும் எட்டும் தூரத்துக்கு வந்து அடர்த்தி ஏறுவதால் கூடும் உற்பத்தித்திறனை எந்தப் பயணியும் டிக்கெட் வாங்கும்போது எண்ணுவதில்லை. ஆகவே நேரக் கணக்குக்குள் அது அடங்காது. லண்டனைக் குறுக்கே கடக்கும் கிராஸ்ரெயில் என்ற ரயில் பாதைக்கு இதைச் சேர்த்தே கணித்தார்கள். அந்த அடர்த்தி 10% கூடினால் வணிகச் சேவைத் துறையில் உற்பத்தித்திறன் ஏறக்குறைய 0.8% உயர்கிறது என்கிறது பிரித்தானிய ஆய்வு, தொழிற்சாலைகளில் 0.2% மட்டுமே. மாலபேயில் இருப்பது மென்பொருள் வேலை, கோட்டையில் இருப்பவை வங்கிகள்.

பொரளைச் சந்தி:
மாலையில் மாலபே வழி ஓடும் 177 பஸ்ஸின் மிதிபலகையில் நிற்பவனிடம் அடர்த்தியைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். மடிக்கணினிப் பையை உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு அக்காவின் மடியில் கொடுத்துவிட்டு, அது பத்திரமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே போகிறான்.

கணக்கப்பிள்ளை:
அவன்மீது எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் அந்த 0.8% பிரித்தானியாவில் எடுத்த எண். அங்கே, நல்ல சம்பளத்துக்கு மாறுகிறவர் கட்டும் கூடுதல் வரியும் நன்மையில் சேரும். இங்கே வருமான வரி கட்டுவோர் எத்தனை பேர்? பயணிகள் எண்ணிக்கையையும் நம்ப முடியாது. டென்மார்க் ஆய்வாளர் ஃப்ளூபியெர்க்கின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, பத்து ரயில் திட்டங்களில் ஒன்பதில் கணிப்பு மிகை. சராசரி மிகை 106%. எதிர்பார்த்ததில் பாதிப்பேர்கூட ஏறவில்லை என்று பொருள். கடனோ யென்னில். 2022இல் ரூபாய் விழுந்த விழுக்காட்டை மறந்துவிட்டீர்களா?

பத்தரமுல்லைக்காரன்:
பயணிகளைப் பாதியாக்கியே கணக்குப் போடுங்கள் அண்ணா, நான் தயார். நெரிசலில் எரியும் டீசலுக்கும் டொலர்தானே கொடுக்கிறோம்? அதை உங்கள் தாளில் காணவில்லையே.

பொரளைச் சந்தி:
லண்டனில் 2010 முதல் பெரிய வணிகக் கட்டடங்களிடம் கிராஸ்ரெயிலுக்கென்று மேலதிக வரி அறவிட்டார்கள். நன்மை மெய்யென்றால் இங்கும் அறவிடலாமே?

கணக்கப்பிள்ளை:
அறவிட்டால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். ராஜகிரியவில் பெரிய காணிகள் யார் கையில் இருக்கின்றன என்று தெரிந்துதான் கேட்கிறீர்களா?