டிக்டொக் வந்தபிறகு மெஜிக் செத்துவிட்டதா?

மஸ்கெலியாக்காரன்:
எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு ஒரு மெஜிக்காரர் வந்தார். அறுபது வயதிருக்கும். சின்னச் சிவப்புத் துணியைக் கைக்குள் திணித்துக் காணாமல் போக்கினார். முன்வரிசைப் பொடியன் ஒருவன், “கட்டைவிரல்ல பிளாஸ்டிக் விரல் மாட்டியிருக்காரு, டிக்டொக்ல பார்த்தேன்!” என்று கத்த, சனமெல்லாம் சிரித்தது. மனிதர் முகம் சுண்டிப்போனது. இந்தக் கலையைக் கெடுத்தது இணையம்தான். மறுக்கிறவர்கள் வரலாம்.

ஹட்டன்_ஜோக்கர்:
நான் மறுக்கிறேன் அண்ணே. குட்டு வெளிப்படுவது இன்றைக்கு நேற்றா நடக்கிறது? சூனியக்காரிகள் என்று சொல்லி அப்பாவிகளை வதைப்பதை எதிர்த்து ரெஜினால்ட் ஸ்கொட் என்ற இங்கிலாந்துக்காரர் 1584இல் ஒரு புத்தகம் போட்டார். காசு, பந்து, சீட்டு வித்தைகளை அதிலேயே புட்டுப்புட்டு வைத்துவிட்டார். யூடியூப் வந்தது 2005இல். அதற்கு முன்பே, 1997இல், முகமூடி போட்ட ஒருவர் அமெரிக்க டிவியில் பெரிய பெரிய வித்தைகளையெல்லாம் உடைத்தார். செத்தா போனது மெஜிக்? இன்னொன்று. லயத்தில் வளர்ந்த எனக்கு யார் சொல்லித் தந்திருப்பார்கள்? ரீலோட் போட்டு, போனில் பார்த்துத்தான் நான் பழகினேன்.

மஸ்கெலியாக்காரன்:
1584ஆம் ஆண்டுப் புத்தகத்தைத் தேடிப்போனவன்தான் வாசித்தான் தம்பி. இப்போது தேடாதவன் போனிலும் தானாக வந்து விழுகிறது. இரண்டும் ஒன்றா?

பதுளை_சேர்:
ஒரு வழக்கைச் சொல்கிறேன். பென், டெல்லர் என்ற அமெரிக்க மெஜிக் ஜோடியில் மேடையில் பேசாதவர் டெல்லர். அவருடைய ஒரு வித்தையில் சாடியில் ரோஜா இருக்கும், அதன் நிழல் பின்திரையில் விழும். அவர் கத்தியால் நிழலை வெட்டுவார், நிஜப் பூவின் இதழ் உதிரும். இதை 1983இல் ஊமைநாடகமாகப் பதிந்து வைத்திருந்தார். 2012இல் ஒருவர் இதேபோல ஒன்றை யூடியூப்பில் போட்டு, சூட்சுமத்தை விற்கப் பார்த்தார். டெல்லர் வழக்குப் போட்டார். 2014இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வித்தையின் சூட்சுமத்துக்குப் பதிப்புரிமை இல்லை, நடித்துக் காட்டும் விதத்துக்கு உண்டு என்றது. ஆக, பிளாஸ்டிக் விரல் தெரிந்துபோனதால் எதுவும் முடிந்துவிடாது.

பண்டாரவளை_அக்கா:
கோர்ட்டுக் கதை அமெரிக்காவுக்குச் சரி சேர். பஸ் காசுக்கு ஆடுகிறவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

ஜோக்கர் தம்பி, உங்களுக்கும் ஒன்று. எங்கள் பிரட்டுக்களத்தில் ஒரு பையன் பத்து ரூபா குத்தியை உள்ளங்கையில் மறைத்தான். சுத்தமான கை. முன்னால் உட்கார்ந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால், பின்பக்க மேட்டில் கொழுந்துக்கூடையோடு நின்ற எங்களுக்கு, கட்டைவிரல் அடிச்சதைக்கு மேலே குத்தியின் விளிம்பு மின்னியது. பையன் போனை எதிரே நிறுத்திவைத்துப் பழகியவன், கமராவுக்கு ஒரு கண்தானே! எங்கள் சனமோ சுற்றி வளைத்து நிற்கும். தெருவில் செப்படி வித்தை காட்டிப் பழகிய பழைய ஆட்கள், கையைத் தூக்குமுன் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பார்கள். இதை எந்த வீடியோவில் படிப்பது?

ஹட்டன்_ஜோக்கர்:
அந்தப் பையனுக்குப் பழக்கம் போதாது அக்கா, அதற்கு யூடியூப் என்ன செய்யும்? கத்திய பொடியனையே மேடைக்குக் கூப்பிட்டு, “வா, விரலை இழுத்துப் பார்” என்று அந்தப் பெரியவர் சொல்லியிருக்கலாம். அவன் ஏறி வருவதற்குள் போலி விரலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட எவ்வளவு நேரமாகும்? பொடியன் வெறும் விரலைப் பிடித்துக்கொண்டு முழிப்பான். வீடியோ பார்த்தவன்தான் இப்படி வசமாக மாட்டுவான். எனக்கு அவனைப்போல ஆட்கள்தான் வேண்டும்.

மஸ்கெலியாக்காரன்:
மேடை கிடைத்தால்தானே? வருகிற தீபாவளிக்கு மெஜிக் வேண்டாம், டிஜே போடுவோம் என்று கமிட்டி முடிவெடுத்துவிட்டது. இதற்கும் டிக்டொக் காரணமில்லை என்பீர்களா?

ஹட்டன்_ஜோக்கர்:
இல்லை அண்ணே. அதற்குக் காரணம் கமிட்டி.