கோர்சேர் விமானத்தைத் தீவில் வைத்து எப்படிப் பராமரித்தார்கள்?

கொழிஞ்சாம்பாறை டீசல்:
வணக்கம். பாலக்காடு கொழிஞ்சாம்பாறையில் லாரி பட்டறை வைத்திருக்கிறேன், பசிபிக் போரைப் பற்றி எது கிடைத்தாலும் விடாமல் படிப்பேன். இரண்டாம் உலகப் போரில் கோர்சேர் என்ற அமெரிக்கப் போர் விமானத்தை ஓட்டிய, பாயிங்டன் தலைமையிலான 'கறுப்பு ஆடுகள்' படைப்பிரிவைத் தேடினால் யார் எத்தனை விமானத்தை வீழ்த்தினார் என்றுதான் வருகிறது. எனக்கு வேண்டியது வேறு. சாலமன் தீவுகளில் மழை, பவளக்கல் தூசி, மலேரியா, தலைக்கு மேல் கூரையும் இல்லை. அங்கே 18 சிலிண்டர், 2000 குதிரைத்திறன் எஞ்சினைப் பறக்கும் நிலையில் வைத்தது யார்? அப்புறம் படங்களில் விமானி இருக்கைக்கு முன்னால் வெள்ளைப் பட்டைகள் தெரிகிறதே, அது என்ன?

நகரி வாசகன்:
அண்ணே, வெள்ளைப் பட்டை வெறும் டேப். விமானிக்கு நேர் முன்னால் சுமார் 900 லிட்டர் பெட்ரோல் டாங்க் இருக்கும். அதன் மேல் மூடித் தகடுகளின் இடுக்கு வழியாகக் கசிந்த பெட்ரோல் காற்றில் கண்ணாடி மேல் அடிக்கும், அதனால் இடுக்குகளை டேப் போட்டு அடைத்தார்கள்.

எஞ்சின் விஷயம் உங்களுக்குச் சட்டென்று புரியும். வட்டமாக அடுக்கிய சிலிண்டர்கள், அதனால் ராத்திரி நிற்கும்போது கீழ் சிலிண்டர்களில் ஆயில் இறங்கிச் சேர்ந்துவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால், வெள்ளத்தில் போன லாரியில் தண்ணீர் ஏறினால் ஆவதுபோல கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் முதலில் ஆட்கள் ப்ரொப்பெல்லரைப் பிடித்துக் கையால் சுற்றுவார்கள். அதன் குறுக்களவு 4 மீட்டருக்கும் மேல்! நடுவில் இறுகி நின்றால் பலம் போட்டுத் தள்ளக் கூடாது, கீழ் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி ஆயிலை வடிக்க வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்குக் குண்டில்லாத தோட்டா ஒன்றை வெடிப்பார்கள், அந்த வாயு அழுத்தம் எஞ்சினைச் சுற்றிவிடும். இறக்கையில் 6 இயந்திரத் துப்பாக்கிகள், 2300க்கும் மேற்பட்ட தோட்டாக்கள். அத்தனையையும் வெயிலில் நின்று கையால் அடுக்கியவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை, அதுதான் எனக்கு ஆதங்கம்.

குப்பம் தமிழன்:
ஒன்று சேர்க்கிறேன். அங்கே விமானிக்கென்று சொந்த விமானம் கிடையாது. விமானங்கள் பொதுவில் இருந்தன, அன்றைக்கு எது தயாரோ அதில்தான் ஏறினார்கள். வீழ்த்திய விமானங்களின் கணக்காகக் கொடிகள் ஒட்டிய விமானத்தில் பாயிங்டன் உட்கார்ந்திருக்கும் படம் விளம்பரத்துக்கு எடுத்தது. ஆக, முன்பின் பார்க்காத மெக்கானிக்கின் வேலையை நம்பித்தான் ஒவ்வொருவரும் கடலுக்கு மேல் போனார்கள். 1944 ஜனவரி 3 அன்று ஜப்பானியர் தளமான ரபாவுல் அருகே பாயிங்டன் வீழ்த்தப்பட்டார், கூடப் பறந்த ஆஷ்மன் இறந்துவிட்டார். பாயிங்டனை ஜப்பானிய நீர்மூழ்கி பிடித்துக்கொண்டு போனது, போர் முடிந்த பிறகுதான் விடுதலை.

வாளையார்க்காரன்:
டீசல் அண்ணே, இது நம்ம பக்கமும் வந்த கதைதான். போர்க்காலத்தில் கோயம்புத்தூரில் பிரிட்டிஷ் கடற்படைக்கு விமானம் பழுதுபார்க்கும் தளம் இருந்தது. அவர்களும் கோர்சேர் ஓட்டினார்கள். அவர்களின் விமானந்தாங்கிக் கப்பலில் விமானம் நிறுத்தும் கீழ்த்தளம் உயரம் குறைவு, இறக்கையை மடக்கினால் மேலே இடிக்கும், அதனால் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டார்கள். 1944 ஏப்ரல் 19 அன்று இலஸ்டிரியஸ் கப்பலின் கோர்சேர்கள் சுமத்ராவுக்கு வடக்கே சபாங் துறைமுகத்தைத் தாக்கின. இலங்கை புத்தளத்தில் கோர்சேரை யானை கட்டி இழுக்கும் படம் இருக்கிறது, அவசியம் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீசல்:
ரொம்ப நன்றி. ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றுவது சடங்கு என்றே நினைத்திருந்தேன், காரணம் தெரிந்ததில் பெரிய சந்தோஷம். நகரி தம்பி, அந்தத் தோட்டாவில் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால்?

நகரி வாசகன்:
பழையதைக் கழற்றிவிட்டு இன்னொன்று போட வேண்டியதுதான் அண்ணே. ஒரு தோட்டாவுக்கு ஒரு வாய்ப்புதான், அதனால் பெட்ரோலைச் சரியான அளவில் கொடுக்கும் கைப்பழக்கம் முக்கியம்.