கழற்றிவிட்ட ஒயரில் 90 வோல்ட் காட்டுகிறது, அவசர உதவி தேவை

ஷிப்ட்_பி:
வணக்கம். ப்ரொடக்‌ஷன் ஆட்களுக்கு அடிப்படை எலக்ட்ரிக்கல் வகுப்பு எடுக்கிறேன். டிஓஎல் ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரடியாக மெயினில் சேர்த்து ஓட்டுவது) பயிற்சி போர்டில் ஃபால்ட் வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னேன். ஓவர்லோடு ரிலேயில் (மோட்டார் அதிக கரண்ட் எடுத்தால் வெட்டுவது) 96-ஆம் டெர்மினலிலிருந்து ஸ்டாப், பச்சை ஸ்டார்ட் பட்டன்கள் வழியாகக் கான்டாக்டர் காயிலுக்குக் கிளம்பும் ஒயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருக்கிறேன். அதற்கு அப்புறம் ஒன்றும் வரக் கூடாது. ஆனால் ஸ்டாப் பட்டனில் மீட்டர் 90 காட்டுகிறது. "சப்ளை வருது சார், கான்டாக்டர்தான் போச்சு" என்று மொத்த வகுப்பும் சொல்கிறது (கான்டாக்டர் என்பது காயிலுக்கு சப்ளை வந்தால் இழுத்து மோட்டாரை ஆன் செய்யும் ஸ்விட்ச்). நாளை காலை அடுத்த பேட்ச். என்ன காரணம்?

திருப்புளி:
90 ஏசியா, டிசியா? காயில் எத்தனை வோல்ட்? கறுப்பு ப்ரோப் நியூட்ரலிலா, எர்த்திலா? என்ன மீட்டர்? இதெல்லாம் சொல்லாமல் காரணம் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

நியூட்ரல்_நம்பி:
நியூட்ரல் லூஸ். பாதி வோல்ட்டேஜ் காட்டினாலே நியூட்ரல்தான். முதலில் அதை டைட் செய்யுங்கள்.

மெகர்_மாமா:
இதே கேள்விக்கு இங்கே பல முறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. மீட்டர் எதை அளக்கிறது என்றே தெரியாமல் வகுப்பு எடுத்தால், கேட்பவர்கள் கான்டாக்டரை மாற்றத்தான் செய்வார்கள்.

ஷிப்ட்_பி:
ஏசி. காயில் 230. கறுப்பு நியூட்ரலில். மெயினில் 230 சரியாக வருகிறது. மீட்டர் டிஜிட்டல், மஞ்சள் கலர்.

திருப்புளி:
மஞ்சள் கலர்! சரி, இதைச் சொல்லுங்கள்: அளக்கும்போது பச்சை பட்டன் அழுத்தியிருந்ததா? பட்டன் ஒயர்களும் லைவ் ஒயர்களும் ஒரே டக்ட்டிலா போகின்றன?

ஷிப்ட்_பி:
அழுத்தவில்லை. எல்லாம் ஒரே டக்ட்தான், கதவுக்குப் போய் வர 2 மீட்டர் இருக்கும்.

இண்டிகேட்டர்_ரவுண்டு:
போர்டில் எல்இடி விளக்கு இருக்கிறதா? விளக்கு வழியாகத் திரும்பி வரும் சப்ளையாக இருக்கும். எங்கள் பேனலில் ட்ரிப் விளக்கு இப்படித்தான் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது.

சுருள்வளையம்:
விளக்கு இருந்தால் அதையும் பார்க்கலாம். ஆனால் இது கோஸ்ட் வோல்ட்டேஜ் (பக்கத்து லைவ் ஒயரிலிருந்து கசிந்து மீட்டரில் மட்டும் தெரிவது) போலத்தான் தெரிகிறது. 96 பக்கம் ஒயர் கழன்றிருக்கிறது. மறுபக்கம் பச்சை பட்டனும் 13-14 ஹோல்டிங் கான்டாக்டும் (பச்சையை விட்ட பிறகும் கான்டாக்டரைப் பிடித்து வைப்பது) திறந்திருக்கின்றன. நடுவில் உள்ள ஒயர் எதிலும் சேராமல் மிதக்கிறது. பக்கத்தில் லைவ் ஒயர் ஓடினால் இரண்டும் சேர்ந்து ஒரு குட்டி கெப்பாசிட்டர்.

டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 10 மெகா ஓம். ஒயர்களுக்கு நடுவில் 150 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 21 மெகா ஓம். இரண்டையும் நேராகக் கூட்டாமல் வர்க்கம் எடுத்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், 230-ல் மீட்டர் பங்குக்கு 100 வோல்ட் பக்கம் வரும். உங்கள் 90 இந்தக் கணக்கில் அடங்கிவிடும்.

இப்போது மோட்டார் பக்கம் எம்சிபியை ஆஃப் செய்துவிட்டு, பச்சையை அழுத்திப் பிடித்தபடி அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். அழுத்தியதும் காயில் வழியாக ஒயர் நியூட்ரலோடு சேர்ந்துவிடும். சின்ன கான்டாக்டர் காயில் என்றால் ஓரிரு கிலோ ஓமுக்குள்தான் இருக்கும். மெகா ஓம் வழியாகக் கசிந்து வரும் 90 அதன் முன் நிற்காது. பட்டனை விடாமல் 96-க்கும் ஸ்டாப் பட்டனுக்கும் நடுவில் அளந்தால் 230 முழுதாக வரும். ஃபால்ட் அங்கேதான். திறந்திருக்கும் இடத்தின் இரு முனைக்கும் நடுவில்தான் முழு வோல்ட்டேஜும் நிற்கும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வகுப்பு முடிந்த மாதிரி.

பழைய_வயர்மேன்:
இதனால்தான் டெஸ்ட் லேம்ப் போதும் என்கிறேன். எரிந்தால் சப்ளை, எரியாவிட்டால் இல்லை. புது ஆள் கையில் டிஜிட்டல் மீட்டர் கொடுத்தால் வம்புதான்.

லாக்_அவுட்:
திறந்த ஹோல்டரும் பல்புமாகச் சுற்றுவதைப் பல ஆலைகளில் அனுமதிப்பதே இல்லை. அதை வகுப்பில் வேறு பழக்க வேண்டுமா? லோ-இசட் (உள் ரெசிஸ்டன்ஸ் குறைவான மோடு) உள்ள மீட்டரோ இரு முனை டெஸ்டரோ வாங்கிக் கொடுங்கள். இன்னொன்று: "கோஸ்ட்" என்ற பேச்சை வகுப்பில் எடுக்கவே வேண்டாம். எடுத்தால் நாளைக்கு நிஜமான 90 வோல்ட்டையும் கோஸ்ட் என்று சொல்லிக் கை வைப்பான்.

சுருள்வளையம்:
சொல்லாமல் விட்டால் நல்ல கான்டாக்டரைக் கழற்றுவான். லோடு கொடுத்துப் பார்க்கும்வரை எந்த அளவும் லைவ்தான் என்று கறாராகச் சொன்னால் போதும். சப்ளை இல்லை என்று முடிவெடுப்பதற்கு முன்னும் பின்னும் லைவ் இருக்கும் இடத்தில் மீட்டரைச் சோதிக்கவும் பழக்க வேண்டும்.

லாக்_அவுட்:
புரொடக்‌ஷன் ஆளுக்கு 230 லைவ் எதற்கு என்பதுதான் என் கேள்வி. பயிற்சி போர்டை 24 வோல்ட் டிசி கன்ட்ரோலுக்கு மாற்றினால் இந்தக் கெப்பாசிட்டர் கதையும் ஓய்ந்துவிடும்.

பழைய_வயர்மேன்:
அப்புறம் மெஷின் பேனலில் 230-ஐப் பார்த்து முழிப்பார்கள். எங்கள் காலத்தில்

லாக்_அவுட்:
உங்கள் காலத்தில் விரலை வைத்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஆகவே வேண்டாம்.

மெகர்_மாமா:
எல்லாவற்றுக்கும் முன்னால் ஓம் விதி. வோல்ட்டேஜ் டிவைடர் தெரியாதவனிடம் மீட்டரையே கொடுக்கக் கூடாது. முதல் வாரம் நோட்டும் பேனாவும் மட்டும்.

திருப்புளி:
மாமா, இரண்டு ரெசிஸ்டன்ஸ் கணக்கை எல்லோரும் பிழையில்லாமல் போடுகிறார்கள். அதே ஆள் போர்டு முன்னால் போனதும், திறந்த கான்டாக்டில் 230 வந்தால் "கான்டாக்ட் நல்லா இருக்கு" என்கிறான். வோல்ட்டேஜ் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருப்பது என்பது நோட்டில் புரிவதில்லை. போர்டும் நோட்டும் ஒரே நாளில் வேண்டும்.

மெகர்_மாமா:
நான் பயிற்சி கொடுத்த ஆட்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஷிப்ட்_பி:
அழுத்திப் பிடித்தால் 0.3. போர்டில் எல்இடி இல்லை. ரொம்ப நன்றி, நாளை வகுப்பில் இதையே செய்கிறேன்.

திருப்புளி:
96-க்கும் ஸ்டாப்புக்கும் நடுவில் எவ்வளவு வந்தது?

நியூட்ரல்_நம்பி:
எதற்கும் அந்த நியூட்ரலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இண்டிகேட்டர்_ரவுண்டு:
லோ-இசட் பேச்சு வந்ததால் கேட்கிறேன். என் மீட்டரை அந்த மோடில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்ததும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டுவது) விழுந்துவிட்டது. மீட்டர் கோளாறா?

சுருள்வளையம்:
இல்லை. அந்த மோடில் உள் ரெசிஸ்டன்ஸ் 3 கிலோ ஓம் என்றால் 230-க்கு 77 மில்லி ஆம்பியர் எர்த்துக்குப் போகும், விழத்தான் செய்யும். நியூட்ரலுக்கு வைத்து அளங்கள்.