கோயில் தூண் இறக்க வேண்டும்: ஆட்களை வைத்துத் தூக்கலாமா?

கடலோரத்தான் (களுவாஞ்சிக்குடிப் பக்கம்):
வணக்கம். எங்கட ஊர்க் கோயில் திருப்பணிக்கு நாலு கருங்கல் தூண் வருகிற கிழமை வருகிறது. ஒவ்வொன்றும் 8 அடி நீளம், 1 அடிச் சதுரம். மெயின் ரோட்டிலிருந்து கோயில் வரைக்கும் ஒழுங்கை முழுக்க மணல், பூம் ட்ரக் (பாரம் தூக்குகிற கை பூட்டிய லொறி) உள்ளே வந்தால் புதையும் என்று சாரதி சொல்லிவிட்டார். நிர்வாகத்தில் இருக்கிற பெரியவர்கள், பன்னிரண்டு இளந்தாரிகள் நின்றால் கயிறு போட்டுத் தோளில் கொண்டு போகலாம், முந்தி அப்படித்தானே செய்தோம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வரப்போவது ஏ.எல். படிக்கிற பொடியன்கள், அதுவும் செருப்போடு. பெரியவர்களிடம் பேசக் கையில் ஒரு கணக்கு வேண்டும். வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சம்மாந்துறை மேசன்:
தம்பி, தோளில் வேண்டவே வேண்டாம். கருங்கல் ஒரு கன அடி கிட்டத்தட்ட 75 கிலோ. உங்கட தூண் 8 கன அடி, அப்போ 600 கிலோ. பன்னிரண்டால் பிரித்தால் ஆளுக்கு 50 என்று வரும், கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் பாரம் அப்படிப் பிரிந்து நிற்காது. மணலில் ஒருவனுடைய கால் புதைந்து தோள் இறங்கினால் அவன் பங்கு பக்கத்தில் நிற்கிறவன் தலையில்தான். கட்டையன் சும்மா தொட்டுக்கொண்டு வருவான், நெட்டையன் இரண்டு பேர் பாரத்தைச் சுமப்பான். கல் சரிந்தால் கயிற்றுக்கும் கல்லுக்கும் நடுவில் நிற்கிறவனுக்குப் பாய இடமில்லை.

கல்லை உருட்டிக் கொண்டு போங்கள். பூம் ட்ரக்கை ரோட்டிலேயே நிற்பாட்டி, ஒழுங்கை வாயில் போட்ட பலகைக்கு மேல் தூணை இறக்கச் சொல்லுங்கள். 2 அங்குல இரும்புப் பைப் ஐந்தாறு போதும், ஆனால் வெறும் மணலில் பைப் உருளாது, புதைந்துவிடும். தடித்த பலகையை இரண்டு வரிசையாகப் போட்டு, பின்னால் கழிகிற பலகையை முன்னால் கொண்டுவந்து போட்டுக்கொண்டே போக வேண்டும். பைப்பை மாற்றுவது கல் நின்ற பிறகுதான், ஓடுகிற கல்லுக்கு முன்னால் கை நீட்டுகிறவனுக்குத்தான் விரல் போகும். அலவாங்கால் நெம்பும்போது ஒரு அங்குலம் எழும்பினால் உடனே ஒரு அங்குலக் கட்டையை அடியில் கொடுங்கள், அடுத்த அங்குலம் அப்புறம். கட்டையை இன்னொரு தடியால் தள்ளுங்கள், கையால் வேண்டாம். அலவாங்கைக் கவட்டுக்குள் வைத்து நெம்பவும் கூடாது, கல் வழுக்கினால் அது திருப்பி அடிக்கும். இன்னொன்று, சத்தம் கொடுப்பது ஒரே ஆளாக இருக்கட்டும். நாலு பேர் நாலு பக்கம் "தள்ளு, நில்லு" என்று கத்துகிற இடத்தில் வேலையைத் தொடங்கவே விடாதீர்கள்.

வாவிக்கரை நேர்ஸ்:
மேசன் நானா சொன்னதற்கு மேல் இன்னொரு கணக்கு. பிரித்தானிய அரசின் வழிகாட்டலில் ஒரு ஆண், இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குவதற்கே 25 கிலோதான் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்தால் தனித்தனியாகத் தூக்கக்கூடியதன் கூட்டுத்தொகையில் பாதிதான் என்பதும் அதே வழிகாட்டலில் இருக்கிறது. பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள் தம்பி. 18 வயதில் முள்ளந்தண்டு வட்டு விலகினால் அந்தப் பிள்ளை பிறகு வயலுக்கும் போக முடியாமல், கதிரையில் ஒரு மணித்தியாலம் இருக்கவும் முடியாமல் போகலாம். பாரம் தூக்கியபின் இரண்டு காலும் விறைத்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர் போகாமல் இருந்தாலோ எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் கிடக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. கல்லுக்கு அடியில் யாராவது அகப்பட்டால் முதலில் அம்புலன்ஸ் எண் 1990க்கு அழையுங்கள்.

சட்டப் பக்கமும் பாருங்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது, ஆனால் அது வேலைக்கு அமர்த்தப்பட்டவருக்கு. சிரமதானத்துக்கு வந்த பிள்ளைக்கு அதில் பிடிமானம் இல்லை. அதனால்தான் இந்த வேலையைத் தெரிந்த கொந்தராத்துக்காரரிடம் கூலி பேசிக் கொடுப்பது நல்லது என்கிறேன். பொடியன்கள் பலகை எடுத்துக் கொடுக்கட்டும்.

கடலோரத்தான்:
நானா, அக்கா, பெரிய உதவி. 600 கிலோ என்ற கணக்கைச் சொன்னவுடன் தலைவர் கொஞ்சம் யோசித்தார். உருட்டுவது விளங்கிவிட்டது. ஆனால் கோயிலடியில் தூணை நிமிர்த்துவது எப்படி? முக்காலி கட்டி செயின் புளொக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்குகிற கருவி) போடலாம் என்கிறார்கள்.

மகாஓயா ரோட்டுக்காரன்:
நான் குவாரியில் வேலை செய்த ஆள். ஒரு தொன் செயின் புளொக் உங்கள் தூணுக்குக் காணும். பயம் முக்காலியில்தான். மணலில் மூன்று காலும் வெளியே விரியப் பார்க்கும், அடியில் பலகை வைத்து மூன்று காலையும் சங்கிலியால் சுற்றிக் கட்டுங்கள். தூக்குகிற பெல்ட்டில் எவ்வளவு தாங்கும் என்று எழுதிய லேபல் இருக்க வேண்டும். ஊதா நிறம் ஒரு தொன், பச்சை இரண்டு. லேபல் கிழிந்த பெல்ட் எந்த நிறமானாலும் வேண்டாம். தூணின் கூர் விளிம்பு பெல்ட்டை அறுக்கும், மடித்த சாக்கோ பழைய டயர் துண்டோ கொடுங்கள். இரண்டு பெல்ட் போட்டால் அகட்டிக் கட்டாதீர்கள், பெல்ட் கிடையிலிருந்து 30 பாகை அளவுக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் தூணின் முழுப் பாரமும் விழும்.

நிமிரும்போது மூன்று பக்கமும் கயிறு கட்டி ஆள் பிடிக்க வேண்டும். விழக்கூடிய தூரத்துக்குள், அதாவது 8 அடிக்கும் கொஞ்சம் மேலே, வேறு ஒருவரும் நிற்கக் கூடாது, படம் எடுக்கிறவர்களும்தான். தூண் சரியத் தொடங்கினால் பிடிக்கப் போகாமல் விட்டுவிட வேண்டும் என்று முதலே எல்லாருக்கும் சொல்லி வையுங்கள், கல் உடைந்தால் வேறு கல் எடுக்கலாம். கச்சான் காற்று அடிக்கிற நேரம் நிமிர்த்தாதீர்கள், காலை வெள்ளன முடியுங்கள். கொந்தராத்துக்காரர் வந்தால் பெல்ட்டையும் செயினையும் ஒருக்கா எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.