கூண்டா, தரையா: எச்சத்தில் போகும் நைட்ரஜன் எதில் கூடும்?

நிபோங் திபால் லேயர்:
வணக்கம். மலேசியாவின் பினாங்கில், செபராங் பிறை தெற்கில் 10,000 முட்டைக் கோழிகள். பக்கம் திறந்த கொட்டகை, மூன்றடுக்குக் கூண்டு. எச்சம் கூண்டுக்கு அடியிலேயே குவிகிறது. ஈ, நாற்றம் என்று அக்கம்பக்கத்தில் புகார். மூடிய கொட்டகையில், எச்சத்தை வெளியே இழுத்துச் செல்லும் பெல்ட் வைத்த கூண்டுக்குப் போவதா, கூண்டை விட்டுத் தரை வளர்ப்புக்குப் போவதா என்று பேச்சு நடக்கிறது. தரைக்கு மாறினால் எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரசும் குறையும் என்கிறார் தீவனம் விற்பவர். உண்மையா? இப்போதைய கணக்கு: ஒரு கோழிக்கு நாளுக்கு 110 கிராம் தீவனம், கச்சா புரதம் 17%, மொத்த பாஸ்பரஸ் 0.55%, முட்டை 90% (100 கோழிக்கு நாளுக்கு 90), முட்டை எடை 60 கிராம்.

தீவனக் கணக்கு:
குறையாது ஐயா, கூடும். உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள். 110 கிராமில் 18.7 கிராம் புரதம், 6.25ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 கிராம் நைட்ரஜன். 90% என்றால் நாளுக்கு 54 கிராம் முட்டை. ஓட்டோடு சேர்த்து முட்டையில் நைட்ரஜன் 1.9% அளவு, அதாவது 1.03 கிராம். மீதி 1.96 கிராம் எச்சத்தில். தின்றதில் மூன்றில் இரண்டு பங்கு வீண்.

தரையில் கோழி நடக்கும், கிளறும், பறக்கும். தீவனம் 5 முதல் 10% வரை கூடுவது வழக்கம். 118 கிராம், 87% முட்டை என்று வைத்தால் எச்ச நைட்ரஜன் 2.2 கிராம். கோழிக்குக் கால் கிராம்தானே என்று விட்டுவிடாதீர்கள், 10,000 கோழிக்கு ஆண்டுக்கு 900 கிலோ அது. முட்டை விழுக்காடு இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கோழியின் திறன் இல்லை. தரையில் இட்டு அழுக்காகும் முட்டை, ஒன்றையொன்று கொத்துவது, குடற்புழு.

எச்சத்தைக் குறைக்கும் பிடி தீவனத்தில்தான் இருக்கிறது. புரதத்தை 17இலிருந்து 15.5க்கு இறக்கினால் எச்ச நைட்ரஜன் 13% குறையும். ஆனால் அமினோ அமிலங்களில் மெத்தியோனின், லைசின், திரியோனின் மட்டும் ஈடுகட்டி வேலின், டிரிப்டோபானை மறந்தால் முதலில் முட்டை எடைதான் சரியும். ஃபைட்டேஸ் (தானியத்தில் கட்டுண்ட பாஸ்பரசை விடுவிக்கும் நொதி) சேர்த்து மொத்த பாஸ்பரசை 0.45%க்குக் கொண்டுவந்தால், டன்னுக்கு ஐந்தரைக் கிலோ டிசிபி (பாஸ்பரசுக்காகச் சேர்க்கும் டைகால்சியம் பாஸ்பேட்) மிச்சம். எச்ச பாஸ்பரஸ் 0.5 கிராமிலிருந்து 0.39 ஆகும். நொதியை நேராக மிக்சரில் கொட்டாதீர்கள். முதலில் 5 கிலோ சோள மாவில் கலந்து பிறகு சேர்க்க வேண்டும். கலவை சரியில்லாவிட்டால் நொதி கிடைக்காத கோழிகளுக்கு எலும்பு பலவீனமாகும், முட்டையும் குறையும்.

பெல்ட் ஆள்:
மேலே சொன்னது கோழியை விட்டு வெளியேறும் வரை உள்ள கணக்கு. அதற்குப் பிறகுதான் கொட்டகை வேலை செய்கிறது. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் ஈரத்தில் நுண்ணுயிரால் யூரியாவாகி, அம்மோனியாவாகிப் பறக்கிறது. உங்களுக்கு நாற்றம் வருவது அங்கேதான். பெல்ட்டில் அது உருவாகும் முன்பே வெளியே எடுத்துவிடுகிறோம். தரையில் மரத்தூளோடு கலந்து மாதக்கணக்கில் கிடக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பியக் கையேடுகளில் வாரம் இருமுறை பெல்ட், காற்றில் உலர்த்துதல் என்று இருக்கும். நம் ஊர்க் காற்றில் அது அப்படியே நடக்காது. கூலிங் பேட் (உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் ஈர அட்டை) ஓடும் நேரத்தில் உள்ளே ஈரப்பதம் 85%ஐத் தாண்டும், எச்சம் உலராது. அதனால் உலரும் என்று காத்திராமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை இழுத்துவிடுங்கள். இரவில் பேடை நிறுத்தி விசிறியை மட்டும் ஓட விடுங்கள். ஈரமான நாளில் கோழியைக் காப்பாற்றுவது பேட் இல்லை, நொடிக்கு 2.5 மீட்டர் காற்று. எடுத்த எச்சத்தைக் கூரையில்லாத இடத்தில் குவித்தால் புகார் இடம் மாறும், அவ்வளவே.

தரை வளர்ப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. கோழிக்கு எலும்பு உறுதி, மண்குளியல், கூடு எல்லாம் கிடைக்கும். 2012 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வெறும் கூண்டுக்கு (கூடு, கிளறும் இடம் இல்லாதது) தடை வந்ததும் கோழியின் நலனை எண்ணித்தான். நைட்ரஜன் குறையும் என்று சொல்லி அதை விற்பதுதான் தவறு.

நிபோங் திபால் லேயர்:
இருவருக்கும் நன்றி. இப்போது குவியலில் எவ்வளவு நைட்ரஜன் காற்றில் போகிறது என்று அளக்க வழி உண்டா?

தீவனக் கணக்கு:
உண்டு. பாஸ்பரஸ் காற்றில் போகாது, அதை அளவுகோலாக வையுங்கள். உங்கள் கோழியிலிருந்து வருவது நைட்ரஜன் 1.96, பாஸ்பரஸ் 0.5, விகிதம் 3.9. குவியலில் விகிதம் 2 என்று வந்தால் பாதி நைட்ரஜன் பறந்துவிட்டது.

மேலாக அள்ளினால் தப்பு. பன்னிரண்டு இடத்தில் மேலிருந்து அடிவரை குடைந்தெடுத்து, வாளியில் கலந்து, அரைக் கிலோவைக் காற்றுப் புகாத பையில் ஐஸ் பெட்டியில் அன்றே அனுப்புங்கள். நைட்ரஜனை ஈர மாதிரியில் பார்க்கச் சொல்லுங்கள். 105 டிகிரியில் உலர்த்திவிட்டுப் பார்த்தால் அம்மோனியா அடுப்பிலேயே போய்விடும், இழப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். சிந்திய தீவனம் கலந்தால் விகிதம் ஏறும், மழைநீர் புகுந்தால் கணக்கே செல்லாது.

பெல்ட் ஆள்:
மாதிரி எடுக்கும்போதே நிப்பிள் (கோழி தண்ணீர் குடிக்கும் முனை) வரிசைக்கு நேர் கீழே பாருங்கள். குவியல் அங்கே மட்டும் குழைந்து, புழு நெளிந்தால் ஒழுகல்தான் காரணம். வாஷரை மாற்றி, தண்ணீர் அழுத்தத்தைக் குறையுங்கள். பரவலாகவே குழைந்திருந்தால் தீவனத்தில் உப்பைப் பாருங்கள், சோடியம் 0.18%க்கு மேல் வேண்டாம். ஈப்புகாரில் பாதி புதுக் கொட்டகை வரும் முன்பே குறையும்.