பெரிய டீமோடு மோதலாமா? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மஞ்சள்நீலம்:

அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலில் நம் மிச்சிகன், வேறு கான்ஃபரன்ஸில் (டீம்கள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பு) இருக்கும் ஒரு பெரிய டீமோடு ஹோம் அண்ட் ஹோம் (ஒரு ஆட்டம் நம் மைதானத்தில், ஒரு ஆட்டம் அவர்கள் மைதானத்தில்) பேசிக்கொண்டிருப்பதாக வதந்தி கிளம்பியிருக்கிறது. யார் அந்த டீம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், அதை விடுங்கள். என்னைத் தொந்தரவு செய்வது நம் ஆட்களின் பேச்சுதான். "எதற்கு வம்பு? செப்டம்பரில் மூன்று சின்ன டீமை வீட்டுக்குக் கூப்பிட்டு ஜெயித்துக்கொண்டால் போதும், சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் இப்போது 12 இடம் இருக்கிறதே" என்கிறார்கள்.

என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2011 செப்டம்பர் 10 அன்று நான் உள்ளே இருந்தேன். மிச்சிகன் ஸ்டேடியத்தில் நடந்த முதல் இரவு ஆட்டம், எதிரே நோட்டர் டேம். நான்கு குவார்ட்டரில் மூன்று முடிந்தபோது 24-7 என்று பின்தங்கியிருந்தோம். நடுவில் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், நேராகக் கடைசிக்கு வருகிறேன். அரை நிமிடம்தான் மிச்சம், அவர்கள் 31-28 என்று மறுபடி முன்னால். பந்தை வீசும் நம் குவார்ட்டர்பேக் டெனார்ட் ராபின்சன் பந்தோடு பின்வாங்குகிறார். ஓரக்கோட்டுப் பக்கம் நம் ஆள் ஜெரமி கேலன் நிற்கிறார், சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. டெனார்ட் அவரைப் பார்த்தாரா இல்லையா என்று தெரியாத அந்த ஒரு வினாடி இருக்கிறதே, அதுதான் இன்னும் என்னை விடவில்லை. எங்கள் வரிசை முழுக்கக் கையை நீட்டி "அங்கே, அங்கே" என்று கத்துகிறோம், எங்கள் சத்தம் அவருக்குக் கேட்கப்போகிற மாதிரி. பந்து போனது, 64 யார்டு. அடுத்து நம் ராய் ரவுண்ட்ரீ டச்டவுன் (எல்லைக்கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோனால் ஆறு பாயிண்ட்), கடிகாரத்தில் இரண்டு வினாடி, 35-31. வந்திருந்த 1,14,804 பேரில் ஒருவர்கூடக் கிளம்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு சின்ன டீமை 52-3 என்று அடித்த எந்த ஆட்டமாவது உங்களுக்கு இப்படி நினைவிருக்கிறதா? உங்கள் டீம் பெரிய டீமோடு ஆடி நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள். ஜெயித்ததோ தோற்றதோ, எதுவானாலும் சரி.

பழைய டிக்கெட்:

தம்பி, நானும் அதே மைதானத்தில்தான் இருந்தேன், ஆனால் 2007 செப்டம்பர் 1. இதற்கு மேல் சொல்லவே வேண்டாம், மிச்சிகன்காரர்களுக்கு அந்தத் தேதி போதும். "சின்ன டீம் என்றால் நிச்சயம் வெற்றி" என்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நாடு முழுக்க உள்ள டீம்களில் எங்களுக்கு ரேங்க் 5. வந்தது ஆப்பலாச்சியன் ஸ்டேட், அப்போது அவர்கள் எங்களுக்கு ஒரு படி கீழே இருக்கும் எஃப்சிஎஸ் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். என்னோடு வந்த ரூம்மேட் ஊரிலிருந்து புதிதாக வந்தவன். "இந்த காலேஜ் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். வட கரோலினா மலைப்பக்கம் என்பதைத் தவிர எனக்கும் எதுவும் தெரியவில்லை. கடைசி நொடிகளில் 34-32 என்று பின்னால் இருக்கிறோம், ஒரு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று பாயிண்ட்) போனால் தப்பிவிடுவோம். அவர்களுடைய கோரி லிஞ்ச் அதைத் தடுத்தார், தடுத்த பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் செய்தார். லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஒரு மூலையில் கறுப்பும் தங்கமுமாக நின்ற கொஞ்சம் பேரின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. எங்கள் பக்கம் யாரும் திட்டக்கூட இல்லை. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நோட்டர் டேமிடம் தோற்றால் அடுத்த மாதம் மறந்துவிடுவார்கள். இதை ஒவ்வொரு செப்டம்பரிலும் டிவியில் எங்காவது காட்டுகிறார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2022இல் இதே ஆப்பலாச்சியன் ஸ்டேட்டுக்குப் பதினைந்து லட்சம் டாலர் கொடுத்துக் கூப்பிட்டு 17-14 என்று தோற்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். காசு கொடுத்துத் தோல்வியை வாங்குவதைவிட பெரிய டீமிடம் தோற்பது எவ்வளவோ மேல்.

கொலம்பஸ்வாசி:

பெரிய டீம், சின்ன டீம் என்று நீங்கள் இருவரும் பிரிப்பதே சரியில்லை. இந்த ஒப்பந்தங்கள் பல வருடங்களுக்கு முன்னாலேயே போடப்படுகின்றன. கையெழுத்துப் போடுகிற அன்று பலமாக இருக்கும் டீம், ஆடுகிற அன்று எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

2014இல் வர்ஜீனியா டெக் எங்கள் ஒஹாயோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸுக்கு வந்தது, இரவு ஆட்டம். எங்கள் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் காயத்தில் உட்கார்ந்துவிட்டதால் ஜே.டி. பாரெட் புதிதாக ஆடிக்கொண்டிருந்தார். கடைசி நிமிடத்தில் அவர் வீசிய பந்தை எதிரணி பிடித்து, மைதானத்தின் பாதிக்கு மேல் ஓடி டச்டவுன் போட்டது. 35-21. அந்த ஆள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் சீட் குஷனை மடித்து இடுக்கிக்கொண்டு, "சீசன் முடிந்தது" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் மட்டுமில்லை, அன்று எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். ஜனவரியில் ஒஹாயோ ஸ்டேட் ஓரிகனை 42-20 என்று அடித்து முதல் பிளேஆஃப் கோப்பையைத் தூக்கியது. எங்களை வீட்டில் வைத்து அடித்த வர்ஜீனியா டெக் அந்த சீசனை 7-6, அதாவது ஏழு வெற்றி, ஆறு தோல்வி என்று முடித்தது. அந்தப் பெரியவரைத் தேடிப்பிடித்துப் பேச வேண்டும் என்று எனக்கு இன்றும் ஆசை.

செப்டம்பர் தோல்வி ஒரு டீமைக் கொன்றுவிடாது. சின்ன டீம்களோடு மட்டும் ஆடியிருந்தால், பாரெட்டுக்கு எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது நவம்பர் வரை தெரிந்திருக்காது.

ஆஸ்டின் வெயில்:

கொலம்பஸ்வாசி சொல்வது நாலு டீம் பிளேஆஃப் காலத்துக் கதை. என் கதை 2025 ஆகஸ்ட் 30, உங்கள் ஊரில்தான். எங்கள் டெக்சாஸ் சீசனைத் தொடங்கும்போதே ரேங்க் 1, ஏபி செய்தி நிறுவனத்தின் பட்டியலில் அப்படித் தொடங்கியது அதுவே முதல் தடவை. நானும் என் கணவரும் எதிரணி ஆட்களுக்கான பகுதியில், ஆரஞ்சு சட்டையில். மூன்றாவது குவார்ட்டர், நான்காவது, அதாவது கடைசி முயற்சி, ஒரே ஒரு யார்டு தேவை. எங்கள் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் பந்தோடு நேராக உள்ளே பாய்ந்தார். குவியலுக்குள் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. நடுவரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து கோட்டைத் தாண்டவில்லை. கடைசியில் 14-7.

அந்த ஒரு யார்டை நினைத்துக்கொண்டே டிசம்பர் வரை ஓட்டினோம். 9-3, பிளேஆஃபில் இடம் இல்லை. ஒஹாயோ ஸ்டேட்டோடு ஆடாமல் வேறு யாரோடாவது ஆடி ஜெயித்திருந்தால் 10-2. கோச் சார்கீசியனும் கிட்டத்தட்ட இதையேதான் வெளிப்படையாகச் சொன்னார். கஷ்டமான ஆட்டத்துக்கு மதிப்பு இல்லையென்றால் யாருக்காக ஆடுவது? 2024இல் அலபாமா 9-3 என்று வெளியே நின்றபோது அவர்களும் கான்ஃபரன்ஸுக்கு வெளியே ஆடும் ஆட்டங்களைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும் என்றார்கள். 2026 முதல் எங்கள் கான்ஃபரன்ஸான எஸ்இசி-யில் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டம் வேறு. போதாதா?

கொலம்பஸ்வாசி:

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களை வெளியே தள்ளியது கொலம்பஸ் இல்லை, கெய்ன்ஸ்வில். அங்கே ஃபுளோரிடாவிடம் 29-21 என்று தோற்றீர்கள். அந்த ஃபுளோரிடா சீசனை 4-8 என்று முடித்தது. ரேங்க் பட்டியலில் மேலே இருக்கும் டீமிடம், அவர்கள் வீட்டில், ஏழு பாயிண்டில் தோற்றதை யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை. ஃபுளோரிடா தோல்வி இல்லாவிட்டால் நீங்களும் 10-2தான், ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்தையும் சேர்த்தே. இதை நான் மட்டும் சொல்லவில்லை, எங்கள் அலுவலகத்தில் இருக்கும் டெக்சாஸ் ஆளே ஒத்துக்கொள்கிறார்.

ஆஸ்டின் வெயில்:

ஃபுளோரிடா தோல்விக்கு நான் சாக்குச் சொல்லவில்லை. ஆனால் அதே மூன்று தோல்வியில் ஒன்றை ஆகஸ்டிலேயே நாங்களாகப் போய் வாங்கிக்கொண்டோம் என்பதுதான் என் வாதம். அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

சவுத் பெண்ட் அம்மா:

இரண்டு பேரும் எங்கள் நோட்டர் டேமை மறந்துவிட்டீர்கள். அதே 2025இல் நாங்கள் தோற்றது இரண்டே ஆட்டம். முதலில் மயாமியிடம் 27-24, அடுத்து எங்கள் வீட்டிலேயே டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40. இரண்டையும் சேர்த்து நாலு பாயிண்ட். அதற்கப்புறம் வரிசையாகப் பத்து வெற்றி. 10-2, வெளியே.

ஏ அண்ட் எம் ஆட்டத்துக்கு என் பையனோடு போயிருந்தேன். நாங்கள் டச்டவுன் போட்டு 40-34 என்று முன்னால் போனோம், கூட்டம் முழுக்கக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதிக்கிறது. டச்டவுனுக்குப் பின் உதைத்து எடுக்கும் எக்ஸ்ட்ரா பாயிண்டுக்கு வந்த பந்தை உதைப்பவருக்குச் சரியாக நிறுத்திக்கொடுக்க முடியவில்லை, அது வீணாகிப் போனது. பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. என் பையன் மட்டும் குதிப்பதை நிறுத்திவிட்டு, "அம்மா, ஒரு பாயிண்ட் போச்சு" என்றான். "பரவாயில்லைடா, ஆறு பாயிண்ட் முன்னால் இருக்கிறோம்" என்றேன். பதின்மூன்று வினாடி இருக்கும்போது, நான்காவது முயற்சியில் ஏ அண்ட் எம் டச்டவுன் போட்டது. அவர்களுடைய எக்ஸ்ட்ரா பாயிண்ட் சரியாகப் போனது. அவன் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

இருந்தாலும் நான் மஞ்சள்நீலம் பக்கம்தான். பெரிய டீமோடு ஆடத்தான் வேண்டும். ஆனால் புது குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு முதல் இரண்டு ஆட்டமும் அப்படி வைக்கக்கூடாது. நடுவில் மூச்சு விட ஒரு ஆட்டம் வேண்டும். மயாமியிடம் நேரடியாகத் தோற்றதைக் காட்டித்தான் பிளேஆஃபுக்கு டீம்களைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி அவர்களை எங்களுக்கு மேலே வைத்தது. அதே ஆட்டம் அக்டோபரில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அட்லாண்டா மாமா:

சவுத் பெண்ட் என்றதும் எழுதத் தோன்றியது. 2017இல் எங்கள் ஜார்ஜியா நோட்டர் டேமோடு ஆட அங்கே போனபோது நானும் போயிருந்தேன். எங்கள் குவார்ட்டர்பேக் ஜேக் ஃப்ரோம் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடினார், 20-19 என்று ஜெயித்தோம். ஆனால் எனக்கு ஆட்டத்தைவிட நினைவிருப்பது வேறு. உள்ளே நுழைந்து மேலே பார்க்கிறேன், அது எங்கள் மைதானமா அவர்கள் மைதானமா என்று தெரியாத அளவுக்கு எங்கள் சிவப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நோட்டர் டேம் தாத்தா, "இத்தனை பேருக்கு யார் டிக்கெட் விற்றது?" என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டார்.

சரி, வதந்தி உண்மையாகி வெளியூர் போகப்போகிற தம்பி தங்கைகளுக்குச் சில விஷயங்கள். அட்டவணை வந்த அன்றே ஹோட்டல் போட்டுவிடுங்கள், ரத்து செய்தால் பணம் திரும்பி வருகிற வகையாகப் பார்த்து. காலேஜ் ஊர்களில் ஆட்ட வாரம் இரண்டு இரவுக்குக் குறைந்து தர மாட்டார்கள். முப்பது நாற்பது மைல் தள்ளித் தங்குவதில் தப்பில்லை. சிகாகோவில் இறங்கி சவுத் பெண்டுக்கு கார் ஓட்டுகிறவர்கள் கவனமாக இருங்கள், இண்டியானாவின் அந்தப் பகுதி ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கூகுள் மேப் காட்டுகிற நேரத்தை நம்பி, இதை மறந்து, முதல் குவார்ட்டரைத் தவறவிட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். செப்டம்பரின் முதல் மூன்று வார ஆட்ட நேரம் கோடையிலேயே தெரிந்துவிடும், மற்றதெல்லாம் பெரும்பாலும் பன்னிரண்டு நாளுக்கு முன்னால்தான், அதனால் திரும்பி வரும் விமானத்தை ஞாயிறு மதியத்துக்கு மேல் போடுங்கள். கைப்பை கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலான மைதானங்களில் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பை மட்டும்தான், சில இடங்களில் அதுவும் கிடையாது. வெளிச்சாப்பாடு விடமாட்டார்கள், புளியோதரை கட்டினால் பார்க்கிங்கிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நண்பகல் ஆட்டம் என்றால் தொப்பி, தண்ணீர், சின்னக் குழந்தைகளுக்குக் காதை மூடும் ஹெட்போன். பல மைதானங்களில் வெறும் பெஞ்சுதான், முதுகுவலி இருப்பவர்கள் சாய்மானத்தோடு குஷன் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று முன்பே பாருங்கள். எதிரணிச் சட்டை போட்டுப்போக பயப்படாதீர்கள். டெயில்கேட்டில் (ஆட்டத்துக்கு முன் பார்க்கிங்கில் நடக்கும் விருந்து) நின்று பேசினால் அவர்களே தட்டை நீட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் மட்டும் வாக்குவாதம் வேண்டாம், தோற்றவர் ஊரில் ஜெயித்தவர் பேசாமல் நடப்பதுதான் மரியாதை.

பழைய டிக்கெட்:

மாமா, எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் கேள்வி ஆடலாமா வேண்டாமா என்பது.

அட்லாண்டா மாமா:

ஆட வேண்டும் என்பதால்தான் இவ்வளவு எழுதினேன் தம்பி. ஆடாவிட்டால் ஹோட்டல் எதற்கு?

லிங்கன் சிவப்பு:

உங்களுக்கெல்லாம் வதந்தி வருகிறது, எங்களுக்கு வந்த நிஜமே போய்விட்டது. 2026இல் டென்னசி எங்கள் நெப்ராஸ்கா இருக்கும் லிங்கனுக்கு வருவதாகவும், 2027இல் நாங்கள் அவர்கள் ஊரான நாக்ஸ்வில் போவதாகவும் இருந்தது. 2025 தொடக்கத்தில் நெப்ராஸ்கா அதை ரத்து செய்தது. பதிலுக்குச் சின்ன டீம்களான பவுலிங் கிரீனும், ஒஹாயோவில் இருக்கும் மயாமியும். மைதானப் புதுப்பிப்பு வேலை நடக்கும்போது வீட்டில் ஆடுகிற ஆட்டம் கூடுதலாக வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். 1962 முதல் ஒரு ஆட்டம்கூட விடாமல் டிக்கெட் விற்றுத் தீருகிற மைதானம் இது. யார் வந்தாலும் நிரம்பும் என்பதால்தான் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று நினைக்கிறார்கள் போல. எனக்கு அது வலிக்கிறது.

2024இல் கொலராடோ வந்த இரவு நான் இருந்தேன். பழைய பகை, கோச் டியான் சாண்டர்ஸ், நாடு முழுக்க டிவியில். டாமி ஹில் அவர்கள் பந்தைப் பறித்து டச்டவுன் போட்டதும் என் மாமனார், வாய் திறந்து பேசாத மனிதர், சீட்டில் ஏறி நின்றார். கீழே இறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டவர் ஆட்டம் முடிகிற வரை கையை எடுக்கவில்லை. 28-10. டென்னசி ஆட்டத்துக்கும் அவரைக் கூட்டிப்போவதாகச் சொல்லி வைத்திருந்தேன்.

மஞ்சள்நீலம், உங்கள் வதந்தி உண்மையானால், எந்த வருடம், யார் வீட்டில் முதல் ஆட்டம் என்பதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: ரத்து செய்தால் எவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தத் தொகை சின்னதாக இருந்தால், மாமா சொன்னபடி பணம் திரும்பி வருகிற ஹோட்டலாகவே போடுங்கள்.