சுகருக்காக 39-வது வாரத்தில் வலி வரவைக்கச் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?

தளிர்:
முதல் பிரசவம். இன்றைக்கு 38 வாரம் 2 நாள். 28-வது வாரம் கர்ப்பகால சர்க்கரை என்று தெரிந்தது. முதலில் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும். வெறும் வயிற்று அளவு 100-ஐத் தாண்டியதால் 33-வது வாரத்திலிருந்து இரவில் இன்சுலின், இப்போது 10 யூனிட். கடந்த மூன்று வாரமாக வெறும் வயிற்றில் 84 முதல் 93, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 105 முதல் 118.

37-வது வார ஸ்கேனில் குழந்தை எடை 3.3 கிலோ, தண்ணீர் அளவு சரி, தலை கீழே. நேற்று உள்பரிசோதனையில் கர்ப்பப்பை வாய் 1 செ.மீ. திறந்திருக்கிறது, பாதி அளவு மெலிந்திருக்கிறது, பின்பக்கமாக இருக்கிறது, தலை இன்னும் மேலேதான் (மைனஸ் 3) என்றார்கள். 39 வாரம் 1 நாளில் அட்மிட் ஆகச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

சுகர் இவ்வளவு ஒழுங்காக இருக்கும்போது எதற்கு அவசரம்? வலி வரவைத்தால் கடைசியில் சிசேரியன்தான் என்று எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையா? வேண்டாம் என்றால் எத்தனை நாள் காத்திருக்கலாம்?

லேபர்வார்டு:
தேதியிலிருந்து ஆரம்பிப்போம்மா. அது சரியாக இருந்தால்தான் மற்ற கணக்கெல்லாம் சரி. உங்கள் 38 வாரம் 2 நாள் எதை வைத்துப் போட்டது? 11 முதல் 13 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனை வைத்தா, கடைசி மாதவிடாய்த் தேதியை வைத்து மட்டுமா? மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்குத் தேதிக் கணக்கு ஒரு வாரம், பத்து நாள்கூடத் தவறும். 39 என்று நினைத்து 37-ல் குழந்தையை எடுத்தால் மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, சுகர் இறங்குவது எல்லாமே கூடும். சர்க்கரை உள்ள தாயின் குழந்தைக்கு நுரையீரல் முதிர்வதே சற்றுத் தாமதமாகலாம். எனவே பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.

தேதி சரி என்றால், டாக்டர் சொன்னது அவசரம் இல்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டல் பிரசவ நேரத்தை இப்படிப் பிரிக்கிறது: உணவால் மட்டுமே கட்டுப்பாட்டில் இருந்தால் 39 வாரத்திலிருந்து 40 வாரம் 6 நாள் வரை; மாத்திரை அல்லது இன்சுலினால் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தால் 39 வாரத்திலிருந்து 39 வாரம் 6 நாளுக்குள். கட்டுப்பாடு இல்லை என்றால்தான் அதற்கும் முன்னால் யோசிப்பார்கள். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டல், வேறு சிக்கல் இல்லாத கர்ப்பகால சர்க்கரைக்கு 40 வாரம் 6 நாளைக் கடைசி எல்லையாக வைக்கிறது. நீங்கள் இன்சுலின் போடுகிறீர்கள். அதனால் 39-வது வாரம் உங்களுக்கு வழக்கமான நேரம்தான்.

அளவு நன்றாக இருந்தும் ஏன் என்று கேட்டீர்கள். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. வருகிற சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் குழந்தையின் தோளிலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்க்கிறது. தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இதனால்தான் கூடுகிறது; எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே சேர்ந்திருக்கிறது என்பது முக்கியம். இன்னொன்று, கடைசி நாட்களில் வயிற்றுக்குள்ளேயே குழந்தை இறந்துபோவது. அது அரிது. நல்ல கட்டுப்பாட்டில் இன்னும் அரிது. ஆனால் அதை நிச்சயமாக முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது. 39 தாண்டினால் குழந்தையின் முதிர்ச்சியில் கிடைக்கும் கூடுதல் லாபம் சொற்பம், இந்த ஆபத்து மட்டும் நாளுக்கு நாள் மெல்ல ஏறும். டாக்டர் கணக்குப் போடுவது அதை வைத்துத்தான்.

ஸ்கேன் எடையை மட்டும் காரணமாகச் சொன்னால் கேள்வி கேளுங்கள். ஸ்கேனில் 10 முதல் 15 சதவீதம் வரை பிழை சகஜம். உங்கள் 3.3 கிலோ உண்மையில் 2.8-ஆகவும் இருக்கலாம், 3.8-ஆகவும் இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு எடையை வைத்து நேரடியாக சிசேரியன் பற்றிப் பேசுவது 4.5 கிலோ என்ற மதிப்பீட்டில்.

நிலா:
சிசேரியன் கேள்விக்கு நான் சொல்கிறேன். இன்று வலி வரவைத்துக்கொள்பவரை இன்று தானாக வலி வந்தவரோடு ஒப்பிட்டுத்தான் "வலி வரவைத்தால் சிசேரியன்" என்ற பேச்சு வந்தது. உங்கள் கையில் அந்தத் தேர்வே இல்லையே. இன்று வரவைப்பதா, காத்திருப்பதா என்பதுதான் தேர்வு. காத்திருப்பவர்களில் பலருக்குப் பின்னால் வரவைக்கத்தான் வேண்டியிருக்கும்.

அப்படி ஒப்பிட்ட ஆய்வுகள் உண்டு. 1993-ல் வெளிவந்த ஒன்றில், பெரும்பாலும் கர்ப்பகால சர்க்கரைக்கு இன்சுலின் போட்ட 200 பேர். 38-வது வாரத்தில் வரவைத்தவர்களில் 25 சதவீதம் சிசேரியன், காத்திருந்தவர்களில் 31. கர்ப்ப வாரத்துக்கு மீறிய எடையுள்ள குழந்தைகள் வரவைத்த பக்கம் 10 சதவீதம், காத்திருந்த பக்கம் 23. 2017-ல் வந்த ஜினெக்ஸ்மால் ஆய்வில் 425 பேர், சிசேரியன் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான் (12.6, 11.8 சதவீதம்), ஆனால் வரவைத்த பக்கத்தில் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை அதிகம். இரண்டுமே சிறிய ஆய்வுகள். இரண்டாவது, திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டவே இல்லை. 2018-ல் வந்த அரைவ் ஆய்வைப் பலர் காட்டுவார்கள் (வரவைத்தவர்களில் சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களில் 22.2). ஆனால் அது சிக்கல் ஏதும் இல்லாத முதல் பிரசவங்களில் செய்தது, உங்கள் நிலைக்கு அப்படியே பொருத்த முடியாது. இவற்றை வைத்து நான் தைரியமாகச் சொல்லக்கூடியது, வரவைப்பதாலேயே சிசேரியன் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது மட்டுமே.

கர்ப்பப்பை வாயின் நிலை விஷயம் வேறு. வாய் பிரசவத்துக்கு எவ்வளவு தயார் என்று காட்டுவது பிஷப் மதிப்பெண். நீங்கள் சொன்ன அளவுகளை அதில் போட்டால்: 1 செ.மீ. திறப்புக்கு 1, பாதி மெலிவுக்கு 1, மைனஸ் 3-க்கு 0, பின்பக்கம் பார்த்திருப்பதற்கு 0. மென்மை எப்படி என்று நீங்கள் சொல்லவில்லை. கெட்டியாக இருந்தால் தொடும் விரலுக்கு மூக்கு நுனி போலிருக்கும், பழுத்திருந்தால் உதடு போல. நடுத்தரம் என்று வைத்தால் 1. மொத்தம் 3. ஆறும் அதற்குக் கீழும் பழுக்காத வாய். அதனால் முதல் நாள் முழுக்க வாயைப் பழுக்கவைப்பதிலேயே போகும். வலி வருவது அதன் பிறகுதான். இது தெரியாமல் போகிறவர்கள்தான் 12 மணி நேரத்தில் சோர்ந்து "எடுத்துடுங்க" என்கிறார்கள்.

தளிர்:
நிலா அக்கா, ரொம்ப நன்றி. மென்மையை நடுத்தரம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பழுக்கவைப்பது என்றால் ஜெல்தானா? அதில் தேர்வு எனக்கு உண்டா?

லேபர்வார்டு:
உண்டு, கேட்க வேண்டும். வரவைக்கச் சம்மதிப்பது ஒன்று, இன்ன முறையில் என்பது வேறொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பேசுங்கள்.

பலூன் முறையில், சிறுநீருக்குப் போடும் ஃபோலி குழாயையே கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, நுனியில் உள்ள பலூனில் 30 முதல் 60 மி.லி. உப்புநீர் நிரப்புவார்கள். குழாயை லேசாக இழுத்து உள்தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவார்கள். பலூன் உள்ளிருந்து வாயை அழுத்தித் திறக்கும். 3 செ.மீ. அளவுக்குத் திறந்ததும் தானாக நழுவி விழும். விழாவிட்டால் பொதுவாக 12 மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். போடும்போது சில நிமிடம் கடுப்பாக இருக்கும். மருந்து இல்லாததால் குழந்தையின் இதயத் துடிப்பைக் குலைக்கும் அளவுக்கு வலி தாறுமாறாவது இதில் குறைவு.

டினோபுரோஸ்டோன் ஜெல் ஒரு சிரிஞ்சு 0.5 மி.கி. 6 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 3 தடவை வரை. வைத்ததும் அரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் குழந்தையின் துடிப்பைப் பதிவு செய்ய வேண்டும். கடைசி ஜெல் வைத்து 6 மணி நேரம் ஆகாமல், வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் போடக் கூடாது. இதில்தான் அவசரப்பட்டுத் தவறு செய்கிறார்கள்: இரண்டும் சேர்ந்து 10 நிமிடத்தில் 5-க்கு மேல் வலி வந்தால் குழந்தைக்கு மூச்சுவிட இடைவெளி இல்லை. வைத்த ஜெல்லைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

மிசோபிராஸ்டல் மாத்திரை என்றால் 25 மைக்ரோகிராம்: விழுங்குவதானால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது பிறப்புறுப்பின் உள்ளே வைப்பதானால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. 25 மைக்ரோகிராம் மாத்திரையே இருக்கிறதா, 200 மைக்ரோகிராம் மாத்திரையை எட்டாக உடைக்கிறார்களா என்று கேளுங்கள். உடைத்தால் அளவு ஒன்றுபோல் வராது. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த மருந்தே கூடாது, கர்ப்பப்பைத் தழும்பு பிரியும் ஆபத்து உண்டு. (உங்களுக்கு இல்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.)

பனிக்குடம் உடைப்பது பற்றி. தலை மைனஸ் 3-ல் மிதந்துகொண்டிருக்கும்போது உடைத்தால் தொப்புள்கொடி முன்னால் சரிந்து வரலாம். அது உடனடி சிசேரியன். உடைத்த நிமிடத்திலிருந்து தொற்றுக்கான கடிகாரமும் ஓட ஆரம்பிக்கும். தலை இறங்கி வாயோடு பொருந்திய பிறகு உடைக்கலாமா என்று கேளுங்கள்.

"ஃபெயிலியர்" என்று எப்போது சொல்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், பனிக்குடம் உடைத்து ஆக்ஸிடோசின் ஓடத் தொடங்கிக் குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் கொடுத்துப் பார்த்த பிறகுதான் தோல்வி என்பது இன்றைய வரையறை. 6 செ.மீ. வரை மெதுவாகத்தான் திறக்கும். 4 செ.மீ.யில் நான்கு மணி நேரம் நின்றதற்காக மட்டும் அறுவைக்குப் போக வேண்டாம்.

சுகர்கிளினிக்:
சகோதரி, சுகர் பக்கம் யாரும் சொல்லவில்லை, நான் சேர்க்கிறேன்.

அட்மிட் ஆகும் முந்தைய இரவு இன்சுலின் எவ்வளவு என்பதை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். சிலருக்கு வழக்கமான அளவு, சிலருக்குக் குறைத்து. நீங்களே முடிவு செய்ய வேண்டாம். பழுக்கவைக்கும் அந்த முதல் நாள் நீங்கள் சாப்பிடுவீர்கள். எனவே வழக்கமான கட்டுப்பாடும் சாப்பாட்டுக்குப் பிந்தைய பரிசோதனையும் தொடர வேண்டும். லேபர் வார்டுக்குள் போனதும் மருத்துவமனை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துப் பலர் கருவியை வீட்டில் விட்டுவிடுகிறார்கள். எடுத்துப் போங்கள்.

வலி நன்றாகப் பிடித்த பிறகு மணிக்கொரு தடவை விரலில் குத்திப் பார்க்க வேண்டும். 70-க்கும் 126-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதைத் தாண்டி நின்றால் இன்சுலினையும் குளுக்கோஸையும் டிரிப்ஸில் ஓட்டுவார்கள். இந்தச் சில மணி நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், உங்கள் சுகர் ஏறினால் குழந்தையின் கணையம் இன்சுலினைக் கொட்டும். தொப்புள்கொடியை வெட்டியதும் குளுக்கோஸ் வரத்து நின்றுவிடும், இன்சுலின் மட்டும் மிஞ்சும். முதல் ஓரிரண்டு மணி நேரத்தில் குழந்தைக்கு சுகர் இறங்குவது இப்படித்தான். ஆக்ஸிடோசினை எந்தத் திரவத்தில் கலக்கிறார்கள் என்றும் பாருங்கள். டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் கலந்து ஓட்டினால் சுகர் ஏறும். சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் போதும்.

குழந்தை பிறந்து அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் பால் கொடுக்க வேண்டும், பிறகு 2 முதல் 3 மணிக்கு ஒருமுறை. அடுத்தடுத்த பாலுக்கு முன் குதிகாலில் குத்திச் சுகர் பார்ப்பார்கள். உடல் துவண்டிருப்பது, உதறல், பால் குடிக்க எழாமல் தூங்குவது எதுவானாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். இப்போதே சீம்பாலைக் கையால் பீய்ச்சி சிறு சிரிஞ்சுகளில் உறையவைத்து எடுத்துப் போகலாம். ஒரு நாளைக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 2017-ல் 600-க்கும் மேற்பட்ட சர்க்கரை உள்ள கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வில், வேறு சிக்கல் இல்லாதவர்களுக்கு 36-வது வாரத்திலிருந்து இப்படிச் செய்வது தீங்கில்லை என்று கண்டார்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் கர்ப்பகால இன்சுலினை நிறுத்திவிடுவார்கள். 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து ஒரு பரிசோதனை அவசியம். அந்தச் சமயத்தில் மூன்று மாத சராசரி பார்த்தால் பிரசவ இரத்தப்போக்கால் தப்பாகக் குறைத்துக் காட்டலாம்.

நிலா:
மறுத்தால் எத்தனை நாள் என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. உங்கள் அளவுகளோடு, இன்சுலின் போட்டுக்கொண்டு, 39 வாரம் 6 நாள் வரை தள்ளச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. வாய் தானாகப் பழுக்க ஐந்து நாள் கூடுதலாகக் கிடைக்கும். அதைத் தாண்டி என்றால் நான் உடன்பட மாட்டேன். இடைப்பட்ட நாட்களில் வாரம் இருமுறை என்எஸ்டி (குழந்தையின் இதயத் துடிப்புப் பதிவு), தண்ணீர் அளவு, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 39 வாரம் நிறைந்ததும் உள்பரிசோதனையின்போது விரலால் சவ்வை விலக்கிவிடச் சொல்லியும் கேட்கலாம்.

ஆனால் இவற்றில் ஒன்று நடந்தால் காத்திருப்பு அங்கேயே முடிந்தது: அசைவு குறைவது, தலைவலியோடு பிரஷர் ஏறுவது, சாப்பாடு மாறாமலேயே இன்சுலின் தேவை சட்டென்று குறைந்து சுகர் அடிக்கடி தாழ்வது. கடைசியில் சொன்னதை "சுகர் சரியாகிவிட்டது" என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடுகிறார்கள். நஞ்சுக்கொடி சோர்வதால்கூட அப்படி ஆகலாம். அசைவு குறைந்தால் விடியும் வரை பார்க்காதீர்கள், நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

தளிர்:
புரிந்தது அக்கா. 12-வது வார ஸ்கேனை எடுத்துப் பார்த்தேன், தேதி ஒரு நாள்தான் வித்தியாசம். பலூன் கேட்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: பலூன் போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்களா?

லேபர்வார்டு:
சிக்கல் இல்லாதவர்களைச் சில இடங்களில் அனுப்புவது உண்டு. நீங்கள் இன்சுலினில் இருப்பதால் வார்டிலேயே இருங்கள்; சுகரும் குழந்தையின் துடிப்பும் பார்க்க ஆள் வேண்டும். பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் தீட்டு போலப் போனாலோ, குழாய் தானாக நழுவி வந்தாலோ நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். குழாய் விழுந்தது கெட்ட செய்தி இல்லை ம்மா, பெரும்பாலும் வாய் திறந்துவிட்டது என்று அர்த்தம்.